விறைப்பும் விற்றராசும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்

மாணவர்களே, "விற்றராசு எவ்வாறு தொழிற்படுகின்றது?" என்ற வினாவுக்கு "பாரத்தைத் தொங்கவிட வில் நீளும்" என்று மட்டும் எழுதி நிறுத்துவோர் பலர். அது பாதி விடை. எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீட்சி என்பதே முக்கியம். அந்த விகிதமே வில்லின் விறைப்பு ஆகும்.

விறைப்பு = விசை ÷ நீட்சி

மீள்தன்மை எல்லைக்குள் நீட்சி விசைக்கு நேர்விகித சமமானது என்பதை ரொபேட் ஹூக் 1678இல் வெளியிட்டார். நீட்சி என்பது வில்லின் முழு நீளமன்று. பாரமேற்றியபின் உள்ள நீளத்திலிருந்து தொடக்க நீளத்தைக் கழித்துப் பெறுவது. இவ்விடத்தில் ஆண்டுதோறும் பலர் தவறுகின்றனர்.

உதாரணமொன்றைப் பார்ப்போம். ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில் ஒரு விற்றராசு தொங்குகின்றது எனக் கொள்க. அதில் 5 கிலோகிராம் திணிவுக்கு வில் 10 மில்லிமீற்றரும், 10 கிலோகிராமுக்கு 20 மில்லிமீற்றரும், 20 கிலோகிராமுக்கு 40 மில்லிமீற்றரும் நீள்கின்றது. ஒரு கிலோகிராமின் நிறையை 10 நியூற்றன் எனக் கொண்டால், விறைப்பு 200 ÷ 40, அதாவது மில்லிமீற்றருக்கு 5 நியூற்றன். விசையை நிலைக்குத்து அச்சிலும் நீட்சியைக் கிடை அச்சிலும் குறித்து வரைபு வரைந்தால் உற்பத்தியினூடாகச் செல்லும் நேர்கோடு கிடைக்கும். அதன் படித்திறனே விறைப்பு. ஒரே வாசிப்பைக் கொண்டு விறைப்பைக் கணிப்பதைவிட வரைபின் படித்திறனைக் காண்பது நம்பகமானது.

இனி, இத்தராசின் வில் பத்துச் சுருள்களைக் கொண்டதெனவும், பழுதுபார்த்தவர் ஒரு சுருளை வெட்டிவிட்டு முள்ளை மீண்டும் பூச்சியத்தில் நிறுத்திவிட்டார் எனவும் கொள்க. வில் குறுகினால் விறைப்புக் கூடும்; நீட்சி முன்னையதில் பத்தில் ஒன்பது பங்காகும். ஒருவர் பறித்த 18 கிலோகிராம் கொழுந்தைத் தொங்கவிட்டால், 36 மில்லிமீற்றர் நீளவேண்டிய வில் 32.4 மில்லிமீற்றரே நீளும். முள் காட்டுவது 16.2 கிலோகிராம். அன்றைய கணக்கு 18 கிலோகிராம் என்றால், முழுப்பேருக்குப் பறித்தவருக்கு அரைப்பேர் விழக்கூடும். வெறுந்தராசைப் பார்க்கின்ற எவருக்கும் குறை தெரியாது. முள் பூச்சியத்தில்தானே நிற்கின்றது! பூச்சிய வழு இல்லை என்பதால் தராசு சரியானது என்று முடிவுசெய்தல் கூடாது. பூச்சிய வழு எல்லா வாசிப்புகளையும் ஒரே அளவால் மாற்றும். விறைப்பு மாறினாலோ பாரம் கூடக்கூட வழுவும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வெற்றுக் கலனொன்றைத் தொங்கவிட்டு வாசிப்பைக் குறித்துக்கொள்க. பின்னர் ஒரு லீற்றர் அளவையால் பத்து முறை நீர் ஊற்றி மீண்டும் வாசிக்க. நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். ஆகவே வாசிப்புகளின் வித்தியாசம் 10 கிலோகிராமாக இருக்கவேண்டும். மேற்கூறிய தராசு 9 கிலோகிராமையே காட்டும். வித்தியாசத்தை எடுப்பதால் பூச்சிய வழுவும் தானே நீங்கிவிடுகின்றது. (இலங்கையில் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடுவது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பணி.)

இலத்திரனியல் தராசில் வில் இல்லையே என நீங்கள் கேட்கலாம். அதனுள்ளே இருப்பது ஓர் உலோகத் துண்டு. பாரத்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகின்றது. அதில் ஒட்டப்பட்ட மெல்லிய உலோக இழை நீண்டு அதன் மின்தடை மாறுகின்றது. எனவே நீர்ச் சோதனை இதற்கும் பொருந்தும்.

உலோகக் கட்டி வளையாது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். தொலைநோக்கியைத் தாங்கும் அடித்தட்டு 100 மில்லிமீற்றர் நீளமுடையது. வளைவினால் அதன் ஒரு முனை 0.1 மில்லிமீற்றர் உயர்கின்றது எனின், பார்வைக் கோடு ஆயிரத்தில் ஒரு பங்கு சரியும். 100 மீற்றர் தூரத்தில் அது 10 சென்ரிமீற்றர் விலகலாகும். ஆகையால் அத்தட்டையும், அது திருகப்படும் துப்பாக்கி உடலையும் இரு தாங்கிகளின் மேல் வைத்து, நடுவில் படிப்படியாகப் பாரமேற்றி, மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை வாசிக்கும் முகப்பு மானியால் வளைவை அளப்பர். வரைபு நாம் மேலே வரைந்ததே. ஆனால் தாங்கிகளும் மேசையும்கூடச் சிறிது அமிழும். அந்த அளவைத் தனியே கண்டு கழிக்காவிடின் கிடைக்கும் விறைப்பு உண்மையிலும் குறைவாக இருக்கும்.

ஒரே வடிவமுள்ள அலுமினியத் தட்டு உருக்குத் தட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வளையும். உருக்கைச் சூடாக்கிச் சடுதியாகக் குளிர்வித்தால் கடினம் கூடும். விறைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படாது. கடினம் வேறு, விறைப்பு வேறு.

பயிற்சி

1. மேற்கூறிய வெட்டப்பட்ட வில்லின் விறைப்பைக் காண்க.

2. நீண்டகாலப் பாவனையால் வேறொரு தராசின் வில் தளர்ந்து விறைப்புக் குறைந்துள்ளது. முள் பூச்சியத்தில் நிற்கின்றது. 18 கிலோகிராம் கொழுந்துக்கு அத்தராசு கூடுதலாகக் காட்டுமா, குறைவாகக் காட்டுமா? காரணம் தருக.