வாடகை வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள்: வருடம் முழுவதும் கவனிக்க வேண்டியவை

ஊரில் தண்ணி என்றால் கிணறு, வாளி, வசதி இருந்தால் ஒரு மோட்டரும் மேலே ஒரு தாங்கியும். குழாய் உடைந்தால் முற்றம் நனையும், வாழைக்குப் பாயும், அவ்வளவுதான். மொன்றியலில் அப்படியில்லை. நீங்கள் இருக்கிற மூன்றரை, நாலரை வீடுகளில் குழாய்கள் சுவருக்குள்ளே ஓடுகின்றன. கீழே இன்னொரு குடும்பம் இருக்கும். ஒரு இரவு கவனியாமல் விட்ட ஒழுக்கு அவர்களுடைய சீலிங்கை விழுத்தப் போதும்.

புதிதாக வந்தவர்கள் பலர் குழாய் ஒழுகினாலும் வீட்டுக்காரரிடம் சொல்லப் பயப்படுகிறார்கள். "இன்னும் கேஸ் முடியேல்லை, ஏன் வீண் பிரச்சினை" என்று வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். இது தேவையில்லாத பயம். உங்கள் அகதிக் கோரிக்கையை விசாரிப்பது மத்திய அரசின் குடிவரவு அகதிகள் சபை. வீட்டு வாடகைப் பிணக்குகளைப் பார்ப்பது கியூபெக் மாகாணத்தின் வாடகைக் குடியிருப்பு நீதிமன்றம். 2020 ஆகஸ்ட் 31 வரை அதன் பெயர் ரெஜி. பழைய ஆக்கள் இன்னும் அப்படித்தான் சொல்லுவினம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பில்லை. வீட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்டதற்காக உங்கள் கோரிக்கை பாதிக்கப்படாது.

உண்மையில் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. கியூபெக் சிவில் சட்டத்தின் 1864ஆம் பிரிவுப்படி சின்னச்சின்னப் பராமரிப்பைத் தவிர மற்றத் திருத்தமெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் 1866ஆம் பிரிவு உங்களுக்கும் ஒரு கடமையை வைக்கிறது: பெரிய பழுது ஒன்றைக் கண்டால் நியாயமான நேரத்துக்குள் வீட்டுக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டு நிலம் உக்கிப் போனால், "எனக்குச் சொல்லவேயில்லை" என்று அவர் உங்கள் பக்கம் கையை நீட்டலாம்.

வீட்டுக்குப் போன முதல் நாள்

மொன்றியலில் அநேகமான லீஸ்கள் ஜூன் 30இல் முடிந்து, ஜூலை 1இல் ஊரே வீடு மாறும். நீங்கள் எப்ப மாறினாலும் பெட்டிகளை அவிழ்க்க முதல் தண்ணி பூட்டுற வோல்வ் எங்கே என்று பாருங்கோ. சிங்கின் கீழும் மலசலகூடத் தொட்டியின் பின்னாலும் சின்ன வோல்வ்கள் இருக்கும். முழு வீட்டுக்குமான பிரதான வோல்வ் பேஸ்மென்ரில் அல்லது சுடுதண்ணி ராங்குக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஜனிற்றரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கோ. வீட்டில் உள்ள எல்லாருக்கும், பெரிய பிள்ளைகளுக்கும், அது தெரிந்திருக்க வேண்டும். குழாய் வெடித்த நேரத்தில் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

லீஸ் பத்திரத்தையும் ஒருக்கால் பாருங்கோ. வீட்டைச் சூடாக்குகிற செலவு, சுடுதண்ணிச் செலவு, சுடுதண்ணி ராங்கின் வாடகை ஆகியவற்றை யார் கட்டுவது என்று அதில் தனித்தனியாகக் குறித்திருக்கும்.

கழிவறைக்குச் சின்ன ஹோஸ் பூட்டுற பழக்கம் எங்கள் ஆக்களிடம் உண்டு. முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கோ. பூட்டினால், பாவித்து முடிந்ததும் அதன் வோல்வை ஒவ்வொரு முறையும் மூட வேண்டும். கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டுப் போனால் ஹோஸுக்குள் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். மலிவான ஹோஸ் ஒருநாள் வெடிக்கும்.

பனிக்காலம்

தண்ணி உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். அடைபட்ட குழாய்க்குள் அதற்கு இடமில்லை, குழாய் பிளக்கும். பிளந்தது உடனே தெரியாது. ஐஸ் உருகின பிறகுதான் தண்ணி பாயத் தொடங்கும். மொன்றியலில் ஜனவரி, பெப்ரவரியில் சில இரவுகள் மைனஸ் 25 வரை போகும். வெளிச்சுவரோடு ஒட்டிய குழாய்கள், பழைய மூன்றுமாடி வீடுகளின் பின்பக்கக் குசினி, சூடில்லாத பேஸ்மென்ர் மூலை, இவைதான் முதலில் உறையும்.

இதிலே எங்கள் ஆக்கள் மாட்டுப்படுவது ஹீற்றிங் விஷயத்தில். ஹைட்ரோ பில்லை நீங்களே கட்டுகிற வீடென்றால் காசை மிச்சம் பிடிக்க ஹீற்றரை நிப்பாட்டத் தோன்றும். ரொறன்ரோவில் சொந்தக்காரர் வீட்டுக்கு நாலு நாள் போகேக்குள்ள எல்லா அறையையும் பூட்டி, ஹீற்றரையும் நிப்பாட்டிவிட்டுப் போவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். ஆளில்லாத வீட்டிலும் 15 பாகைக்குக் கீழே போக விடாதேங்கோ. நாலு நாளில் மிஞ்சுவது சில டொலர்கள். உங்கள் கவனக்குறைவால் குழாய் வெடித்தால் நட்டத்தை உங்களிடம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. போகிறபோது நம்பிக்கையான ஒருவரிடம் திறப்பைக் கொடுத்து, இடைக்கிடை பார்க்கச் சொல்லுங்கோ.

ஹீற்றிங் வீட்டுக்காரர் கையில் என்றால் மாநகரசபையின் 03-096 இலக்க விதி உங்கள் பக்கம் நிற்கிறது. வீட்டில் 21 பாகை சூடு இருக்க வழி செய்ய வேண்டியது அவர்.

கடும் குளிர் இரவுகளில் சிங்கின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்து விடுங்கோ, வீட்டுச் சூடு குழாய்க்குப் போகட்டும். வெளிச்சுவர்ப் பக்கக் குழாயில் தண்ணியை நூல்போல ஓடவிட்டாலும் நல்லது. காலையில் தண்ணி வரவில்லை அல்லது மெல்லிசாக வருகிறது என்றால் உறைந்திருக்கலாம். பைப்பைத் திறந்து வைத்துவிட்டு, தலைமயிர் காயவைக்கும் மெஷினால், பைப் பக்கமிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சூடாக்குங்கோ. நெருப்புக்குச்சி, காஸ் அடுப்பு, மெழுகுதிரி எதுவும் கிட்டக் கொண்டு போகக்கூடாது; மரவீடுகள் அப்படித்தான் எரிகின்றன. குழாய் வெடித்துவிட்டால் முதல் வேலை பிரதான வோல்வை மூடுவது. இரண்டாவது வீட்டுக்காரருக்குப் போன். தண்ணி மின்சாரப் பெட்டிப் பக்கம் போனால் அதைத் தொட வேண்டாம், 911 எடுங்கோ.

1998 ஜனவரி ஐஸ் புயலில் பல இடங்களில் வாரக்கணக்காக மின்சாரம் இல்லை. 2023 ஏப்ரலிலும் ஐஸ் விழுந்து பல லட்சம் வீடுகள் இருண்டன. கடும் குளிரில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் பிரதான வோல்வை மூடி, பைப்புகளைத் திறந்து குழாய்களைக் காலியாக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கோ.

எழுத்தில் அறிவிப்பது

போனில் சொன்னது காற்றோடு போகும். ஒழுக்கைப் படம் எடுங்கோ, குறுஞ்செய்தி அனுப்புங்கோ, அதை அழிக்காதேங்கோ. நாலைந்து நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் திகதி போட்டு ஒரு கடிதம் எழுதி, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கோ. பிரெஞ்சில் எழுத முடிந்தால் நல்லது. அதற்குப் பிறகும் அசையாவிட்டால் மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு எடுத்து இன்ஸ்பெக்டரைக் கேட்கலாம், வாடகை நீதிமன்றத்துக்கும் போகலாம். வெல்ஃபெயர் எடுப்பவர்களுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. வெல்ஃபெயர் எடுக்கும் அத்தாட்சியைக் கொண்டு போங்கோ.

வாடகையை நீங்களாக நிப்பாட்ட வேண்டாம். "திருத்தும் வரை கட்டமாட்டேன்" என்றால் பிழை உங்கள் பக்கம் திரும்பிவிடும். ஆனால் அவசரமான, தவிர்க்க முடியாத திருத்தத்தை, வீட்டுக்காரருக்கு அறிவித்தும் அல்லது அறிவிக்க முயன்றும் அவர் உரிய நேரத்தில் செய்யாவிட்டால், நீங்கள் செய்வித்து நியாயமான செலவைத் திருப்பிக் கேட்க 1868ஆம் பிரிவு இடம் தருகிறது. லைசென்ஸ் உள்ள பிளம்பரைப் பிடித்துப் பில் வாங்குங்கோ. பில் இல்லாமல் தெரிந்த தம்பியைக் கொண்டு செய்வித்தால் காசைத் திருப்பி எடுப்பது கஷ்டம்.

திருத்த வருவதென்றால் அவசரமில்லாத நேரத்தில் வீட்டுக்காரர் 24 மணித்தியாலம் முன்னரே அறிவிக்க வேண்டும். அறிவித்து வந்தால் விடத்தான் வேண்டும்.

குசினிச் சிங்

பொரித்த எண்ணெய், தேங்காய்ப்பூ, தேயிலைத் தூள், மீன் செதில் எதுவும் சிங்கில் போகக்கூடாது. எண்ணெய் குளிர்ந்த குழாயில் மெழுகுபோல இறுகும். ரின்னில் ஊற்றி, ஆறவிட்டு, குப்பையில் போடுங்கோ. அடைத்தால் ரப்பர் பம்பும் சுடுதண்ணியும் பாவியுங்கோ. அடைப்பு எடுக்கும் மருந்தை ஊற்றிவிட்டு மேலே பிளீச்சும் ஊற்ற வேண்டாம், நச்சுப்புகை வரும்.

கோடையும் பேஸ்மென்ரும்

புதிதாக வருபவர்களுக்கு மலிவாகக் கிடைப்பது பேஸ்மென்ர் வீடுதான். பெருமழையில் தெருக் கழிவுக்குழாய் நிரம்பினால், தண்ணி உங்கள் ரொய்லெற் வழியாகவும் நிலத்து வடிகால் வழியாகவும் மேலே வரும். 1987 ஜூலை 14இல் டெக்காரி நெடுஞ்சாலையே மூழ்கியது. 2024 ஆகஸ்ட் 9இல் டெபி புயலின் எச்சமாக ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணி திரும்பி வராமல் தடுக்கிற வோல்வ் கட்டடத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்ப துப்புரவாக்கினது என்று வீட்டுக்காரரைக் கேளுங்கோ. பிரவுன் பேப்பர், பிறப்புச் சான்றிதழ், வழக்குக்கான ஆதாரங்கள் உள்ள பையைக் கட்டிலுக்குக் கீழே வைக்காதேங்கோ. உயரத் தட்டில், பிளாஸ்ரிக் உறைக்குள் வையுங்கோ. நனைந்த சாமானுக்கு வீட்டுக்காரரின் காப்புறுதி காசு தராது. உங்களுக்கென்று வாடகையாளர் காப்புறுதி எடுக்க வேண்டும்.

வெளிப்பக்கப் பைப் இருந்தால் ஒக்ரோபர் முடிய முதல் உள் வோல்வை மூடி, வெளிப் பைப்பைத் திறந்து தண்ணியை வடிய விடுங்கோ.

ஈயக்குழாய்

1970க்கு முன் கட்டிய, எட்டுக் குடியிருப்பு வரை உள்ள கட்டடங்களில் தெருவிலிருந்து வரும் குழாய் ஈயமாக இருக்கலாம். பார்க் எக்ஸ்ரென்ஷனில் இப்படியான பழைய கட்டடங்கள் நிறைய. உங்கள் விலாசத்தைப் பற்றி 311இல் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஈயம் கூடாது. கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. குடிக்கவும் சமைக்கவும் பால்மா கரைக்கவும் பச்சைத்தண்ணியை மட்டும், சில நிமிடம் ஓடவிட்டபின் எடுங்கோ. சுடுதண்ணிப் பைப்பில் எடுக்க வேண்டாம்.

போனில் பிரெஞ்சு வராவிட்டால் இவ்வளவு சொன்னால் போதும். ஒழுகுது என்பதற்கு "ஃபுயித் தோ". சுடுதண்ணி இல்லை என்பதற்கு "பா தோ ஷோத்". குழாய் உறைந்துவிட்டது என்பதற்கு "துயோ ஜெலே". வீட்டுக்குள் தண்ணி புகுந்து சேதம் என்றால் "தேகா தோ". பிறகு உங்கள் விலாசமும் வீட்டு இலக்கமும்.