பரீட்சை எதை அளக்கிறது? - ஒரு மாணவியின் ஆட்சேபங்கள்

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு மாணவி, நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மறுபடியும் வந்திருந்தாள். பிளஸ் டூ முடித்து, கல்லூரி நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தாள். "எப்படி எழுதினாய்?" என்றேன். "சார், அதைத் தவிர வேறு ஏதாவது கேளுங்களேன்" என்றாள். பிறகு அவளே மனம்விட்டுப் பேசினாள். அவளுடைய ஆட்சேபங்களையும், அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியதையும் இங்கே தருகிறேன். படிக்கிற பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

1. "இரண்டு வருஷப் படிப்பை ஒரு மணி நேரத்தில் அளக்கலாமா?"

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்கு 'க்யூட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வு 2022-ல் வந்தது. 2025-ல் இருந்த முறைப்படி ஒரு தாளுக்கு 50 கேள்விகள், 60 நிமிடங்கள். சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் போயிற்று!

அவள் குறை நியாயமானது. ஆனால் முன்பிருந்த நிலையையும் மறக்கக் கூடாது. 2021-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில், சில பாடங்களுக்கு முதல் கட்-ஆஃப் 100 சதவீதம். ஒரு போர்டு தாராளமாகவும் இன்னொன்று சிக்கனமாகவும் மதிப்பெண் போட்டால், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது ஒரு பாதுகாப்பும்கூட.

2. "எனக்கு என்ன தெரியும் என்பதை இது சொல்லவில்லையே?"

இங்கே ஒரு சின்னப் பாடம். 'பெர்சன்டைல்' வேறு, சதவீதம் வேறு. 90 சதவீதம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண். 90 பெர்சன்டைல் என்றால், 1000 பேர் எழுதியதில் 900 பேர் உங்கள் அளவோ அதற்குக் குறைவாகவோ வாங்கினார்கள் என்று பொருள். அது வரிசையில் நிற்கும் இடம். எல்லோருமே நன்றாக எழுதினாலும் ஏறக்குறையப் பாதிப் பேர் வரிசையின் பின்பாதியில்தான் நிற்க முடியும். பின்பாதியில் நிற்கும் பிள்ளையை 'படிக்காதவன்' என்று சொல்வது கணக்குப்படியே தவறு.

3. "கோச்சிங் போனவர்களுக்குத்தானே இது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அளவுகோல் ஒன்றுதான், அதற்குத் தயாராகும் வசதி ஒன்றல்ல. தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-ல் ஒதுக்கப்பட்டதும் இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் கொண்டுதான்.

அப்படியானால் பொதுத் தேர்வையே எடுத்துவிடலாமா? அதையும் பார்த்தாயிற்று. சி.பி.எஸ்.இ. 2009-ல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை விருப்பத்துக்கு விட்டது. 2018-ல் அது மீண்டும் கட்டாயமாயிற்று.

4. "தேர்வில் வராதது வீட்டிலும் வராமல் போகிறது, சார்!"

என்னைத் தைத்தது இதுதான். "தமிழ் பரீட்சைக்கு வராது என்று அம்மா இந்த வகுப்பை நிறுத்தினார். பாட்டு வகுப்பும் அப்படியே நின்றது. போன வருஷம் பாட்டி தவறிப்போனார். அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது" என்றாள்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் என் மகனுக்கும் நான் அதையேதான் செய்தேன்.

1986-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், சென்னையில் பிறந்தவர். அங்கே தம் முதல் உரையில் குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றித்தான் பேசினார். பின்னர் அமைக்கப்பட்ட யஷ்பால் குழு 1993-ல் அறிக்கை தந்தது. பையின் கனத்தைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்பது அதன் சாரம். இந்தப் பெண் அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறாள்: படிக்காமல் விட்டதும் பிறகு சுமையாகிறது.

கல்லூரியில் இடம் குறைவு, கேட்பவர் அதிகம். தேர்வு இருக்கத்தான் செய்யும். இடத்தைப் பங்கிட அது உதவட்டும். வீட்டில் எது மதிப்புள்ளது என்று தீர்மானிக்கும் வேலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

அ) நம் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி எது?

ஆ) தேர்வுக்காக நிறுத்தியவை எவை? வாரம் ஒரு மணி நேரமாவது அவற்றில் எதைத் திரும்பத் தொடங்கலாம்?

இ) பிள்ளைக்குத் தெரிந்து, எந்தத் தாளிலும் கேட்கப்படாத மூன்று விஷயங்கள் யாவை?

அந்த மாணவி இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள், கையில் ஒரு கடிதத்தோடு.