பிரஷர் வாஷர் வாங்குகிறீர்களா?

தஞ்சைப் பகுதியில் காரிலும் வாசலிலும் அப்பிக்கொள்வது வயலின் களிமண். ஊறினால்தான் அது எளிதில் இளகும். முதலில் நனைத்துச் சில நிமிடம் விட்டால், 100 முதல் 130 பார் அழுத்தம் தரும் வீட்டுக் கருவியே போதும். அழுத்தம் கூடினால் வேலை சீக்கிரம் முடியுமே என்பார்கள். முடியும், ஆனால் பழைய வீட்டு முற்றத்தின் சுண்ணாம்புப் பூச்சும் காரின் பெயின்டும் சேர்ந்தே பெயரக்கூடும். விசிறிபோல் பரவும் முனையை ஓரடி தள்ளிப் பிடிப்பதே பாதுகாப்பு.

தண்ணீர் வீணாகும் என்ற அச்சமும் வேண்டாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவே செலவழிக்கும் கருவிகள் உண்டு. திறந்துவிட்ட குழாய் பெரும்பாலும் அதைவிட அதிகம் கொட்டும். தொட்டியிலிருந்து தானே உறிஞ்சும் வசதியும், போர் தண்ணீரில் வரும் மணலைத் தடுக்கும் வடிகட்டியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் ஒருபோதும் இயக்காதீர்கள்.