வட்டியும் வரம்பும்

மேற்கு மலைத்தொடரின் அடியில், முல்லைப் பெரியாற்று நீரால் வளம்பெற்று விளங்குவது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை நிறைவேறிய பின்னர் இந்நிலம் பெற்ற செழிப்பினை யாவரும் அறிவர். ஈண்டு நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை போகின்றது. எனினும், உழவனுக்குப் பணம் வேண்டுங் காலம் வேறு. பயிர் பலன் தருங் காலம் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது கடன்.

சென்ற கோடை விடுமுறையில், கம்பத்தை அடுத்த எம் சிற்றூரில் அண்டை வீட்டுப் பாட்டியார் ஒருவர் துண்டுச் சீட்டொன்றை எம்மிடம் நீட்டி, “படிக்கிற பிள்ளை, இதில் என்ன எழுதியிருக்குன்னு பாரப்பா” என்றார். பேரனின் படிப்பிற்காகத் தம் கம்மலை ஒருவரிடம் அடகு வைத்துப் பெற்ற சீட்டு அது. அதில் ஒரு தொகை மட்டுமே இருந்தது. நகையின் எடை இல்லை, வட்டி இல்லை, நாளும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. தமிழிலக்கணம் பயிலும் எமக்கு அச்சீட்டிற்குப் பொருள் கூற இயலவில்லை. கடன் கொடுப்போரைக் கண்காணிப்பவர் யாவர் என்னும் வினா அன்று எம்முள் எழுந்தது. அதன் விடையே இக்கட்டுரை.

கடன் கொடுப்போர் ஒரு திறத்தினர் அல்லர். அவரைக் கண்காணிக்கும் அதிகாரமும் ஓரிடத்தில் இல்லை. முதலாவதாக, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1935 ஏப்ரல் முதல் நாள் பணி தொடங்கிய இவ்வங்கி, 1949 சனவரி முதல் நாள் அரசுடைமை ஆயிற்று. அவ்வாண்டே வங்கி ஒழுங்குமுறைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி வீழ்ந்தமையும், 1960இல் மலைக்கு அப்பால் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டமையும், போட்ட பணத்திற்குக் காவல் வேண்டும் என்பதனை நாட்டிற்கு உணர்த்தின. 1962இல் வைப்புத்தொகைக் காப்பீடு தோன்றியது. 2020 முதல் அதன் வரம்பு ஐந்து இலக்கம் ரூபாய் ஆகும்.

நகைக்கடனுக்கும் இவ்வங்கி 2025 சூன் திங்களில் விதிகள் வகுத்தது. கடன் முழுதும் தீர்ந்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகை திரும்ப வேண்டும். கொடுத்தவர் குறையால் தாமதமாயின் நாளொன்றுக்கு 5000 ரூபாய் ஈடு தரல் வேண்டும். வங்கியிடம் முறையிட்டு முப்பது நாட்களில் விடை கிட்டாதவர், கட்டணமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இரண்டாவதாக, ஊர்தோறும் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் மாநிலக் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் கீழ் இயங்குகின்றன.

மூன்றாவதாக நிற்போர் தனி வட்டிக்காரரும் அடகு பிடிப்போரும் ஆவர். இவர்கள் வட்டாட்சியரிடம் உரிமம் பெறுதல் வேண்டும். 1943ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டப்படி, நகை வைத்தவருக்கு விவரம் அடங்கிய அடகுச் சீட்டுத் தரல் கடமை. மீட்டற்கு ஓராண்டும் மேலும் ஏழு நாட்களும் தவணை உண்டு. 1957இல் கடன் கொடுப்போர் சட்டம் வந்தது. நாள்வட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.

இவ்வட்டியின் கொடுமையைக் கணக்கால் அறிக. நூற்றுக்குத் திங்கள் பத்து ரூபாய் என்பது கேட்பதற்குச் சிறிது. ஆண்டிற்கு அது 120 ஆகிறது. காலையில் 90 ரூபாய் பெற்று மாலையில் 100 ஆகத் திருப்பும் சந்தை வணிகர், ஒன்பது நாள் இவ்வாறு செய்யின், தாம் பெற்ற முதலளவு பணத்தை வட்டியாகவே கொடுத்தவர் ஆவர்.

நிற்க. இவற்றையெல்லாம் அறிந்தபின் யாம் பாட்டியாரிடம், “முறையான சீட்டுக் கேட்போம், வாருங்கள், பாட்டி” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கேட்டா நாளைக்கு அவசரத்துக்கு யார் தருவாங்க?” என்றார். சட்டம் எழுதினோர் விடை கூறாத வினா இஃது. அவர் அஞ்சியது வட்டிக்கு அன்று. அவ்வாயிலும் அடைபடுமோ என்பதற்கே.

வறியவன் அடகு வைத்த மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பித் தருக என்று மோசேயின் சட்டம் விதித்தது. இரவின் குளிரை எண்ணிய விதி அது. நம் காலத்துச் சட்டங்களும் அத்தகைய இரக்கத்தின் வழி வந்தனவே. ஆயினும், வேறொரு வாயில் திறந்திருப்பதை அறியாதவருக்கு அவை ஏட்டுச் சுரைக்காயே ஆகும்.

மறுநாள் யாம் பாட்டியாரைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு அழைத்துச் சென்று, அங்குள்ள நகைக்கடன் முறையைக் கேட்டறியச் செய்தோம். திரும்பும் வழியில், சீட்டுக் கேட்க வரலாம் என்றார். கற்றோராகிய நாம் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், நம் அண்டை வீட்டாரின் சீட்டுக்களை ஒருமுறை வாங்கிப் படித்துச் சொல்வோமாக.