தறி நிற்கிற நேரம் பார்த்துப் பேசுங்கள்

புதிதாகச் சுகாதாரப் பணிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருத்தி சொல்வது:

1. விசைத்தறி ஊரான பள்ளிபாளையத்தில் தறி ஓடும்போது எதையும் சொல்லாதீர்கள். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அறுந்த இழையை முடியப் போய்விடுவார்கள். ஷிப்ட் மாறும்போது டீக்கடை வாசலில் நில்லுங்கள். ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுவது போட்டோ எடுத்து மேலே அனுப்பத்தான் ஆகும்.

2. தடுப்பூசிக்குக் கூப்பிடும்போது "ஊசி போட்டா ஒண்ணும் பண்ணாதுங்க" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். மறுநாள் காய்ச்சல் வந்து ஒரு நாள் கூலி போனால், அந்தப் பட்டறையில் உங்கள் பேச்சு அதோடு சரி. காய்ச்சல், கைவலி வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், "அந்தக்கா சொன்ன மாதிரியே ஆச்சுங்க" என்று ஊசி போட்டுக்கொண்டவரே உங்களுக்குச் சாட்சி சொல்வார்.

3. தமிழ்நாட்டின் முதல் மெகா கொரோனா தடுப்பூசி முகாம் 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தொடர்ந்து வந்தவையும் ஞாயிறுதான். கறி தின்றால், தண்ணி போட்டால் ஊசி கூடாது என்று நம்பிப் பலர் ஒதுங்கினார்கள். அக்டோபரில் அரசு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. அந்த நம்பிக்கை தவறென்று மாதக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கலாம். கிழமையை மாற்றியதுதான் கெட்டிக்காரத்தனம்.

4. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். "ஊசி போட்டுத்தானுங்க செத்தாரு?" என்று கேட்பவரிடம் 'வதந்தி' என்று சீறாதீர்கள், பயத்தில் கேட்கிறார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததையும், மத்திய அரசின் குழு ஆராய்ந்து ஊசி காரணமல்ல என்று சொன்னதையும் நிதானமாகச் சொல்லுங்கள். அந்த முடிவு வெளிவர மாதங்கள் ஆயின. அதுவரை வாட்ஸ்அப் சும்மா இருக்குமா?

5. இதை மட்டும் மறக்காதீர்கள் கண்ணுகளா. 2020இல் கொரோனா தொற்று வந்த வீடுகளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சில இடங்களில் தகரம் வைத்தே அடைத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் தறிக்குப் போனார்கள். ஆனால் அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். யாரும் உள்ளே நுழையமாட்டார்கள். அந்த வீட்டைக் கேவலமாகவும் பேசமாட்டார்கள். இளநீர் வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒதுங்கியிருக்க நம் ஆட்களுக்குத் தெரியும், அவமானம்தான் ஆகாது. அதனால் வீட்டுக்குப் போனதும் தெர்மாமீட்டரை எடுக்காதீர்கள். அரிசி இருக்கிறதா, குழுக் கடன் எந்தக் கிழமை கட்ட வேண்டும் என்று கேளுங்கள். தவணை கட்ட வழியில்லாதவரிடம் 14 நாள் வீட்டில் இருங்கள் என்றால் எப்படி இருப்பார்?

6. கொரோனா காலத்தில் முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம் இருந்தது. போலீஸைக் கண்டால் மூக்குக்கு ஏறும், போனதும் தாடைக்கு இறங்கும். அபராத ரசீதுப் புத்தகத்தை உங்கள் கையில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதோடு போனால் அடுத்த முறை கதவு திறக்காது.