கடல் தாண்டும் காரைக்கால் குழுவுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று ஓடத் தொடங்கியது. சில நாட்களிலேயே நின்றுபோன அந்தச் சேவை, 2024 ஆகஸ்ட் 16 அன்று வேறொரு நிறுவனத்தின் கப்பலோடு மறுபடி தொடங்கியது. காரைக்காலிலிருந்து நாகை துறைமுகம் சுமார் 20 கிலோமீட்டர்தான். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய 4 மணி நேரம். நாம் பஸ் ஏறிச் சென்னை போய்ச் சேர ஆகும் நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம்.

இவ்வளவு பக்கம் என்பதால், தெருவாகவும் சங்கமாகவும் சேர்ந்து போகப் பலரும் திட்டமிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இந்தக் கரையிலிருந்து போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு இருக்கிறது. அந்தத் தீவில் நம்முடைய சரித்திரமும் கிடக்கிறது. பெருமைப்படத் தக்கதும் உண்டு, தலைகுனிய வைப்பதும் உண்டு. உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் விருந்தாளியைப் போல உரிமையோடும் அடக்கத்தோடும் போக வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அதை நினைத்து எழுதியவை.

திட்டம் போடும்போது

செய்ய வேண்டியவை:

- முதல் நாளை நம் கரைக்கே ஒதுக்குங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பாருங்கள். 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கதையைக் குழுவுக்குச் சொல்லுங்கள். பிறகு நாகூர், நாகப்பட்டினம். 1658ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் சில வார இடைவெளியில் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் யாழ்ப்பாணக் கோட்டை நம் கதையின் அடுத்த அத்தியாயமாகத் தெரியும்.
- இலங்கையில் யாழ்ப்பாணம், அனுராதபுரம், பொலன்னறுவை என்று மூன்று ஊர் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் சுமார் 200 கிலோமீட்டர். அங்கிருந்து பொலன்னறுவை சுமார் 100 கிலோமீட்டர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முழுப் பகல் கொடுங்கள்.
- பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா எனப்படும் பொது விடுமுறை. ஜூன் மாதப் பொசன் போயாவுக்கு அனுராதபுரமும் மிகிந்தலையும் நிரம்பி வழியும். தங்க இடம் கிடைப்பது அரிது. நமக்கும் ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா இருப்பதால், அந்த நாட்களை விட்டுவிடுவதே இரு வகையிலும் நல்லது.
- எது கட்டணத்தில் சேரும், எது சேராது என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். நுழைவுச்சீட்டு, வழிகாட்டி சம்பளம், இரவுச் சாப்பாடு, கப்பல் ஓடாவிட்டால் தங்கும் செலவு என்று எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை:

- ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பித் தேதி குறிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் சேவை நிறுத்தப்படுகிறது. மற்ற மாதங்களிலும் காற்றும் அலையும் சரியில்லாவிட்டால் பயணம் தள்ளிப்போகும்.
- ஊர் திரும்பும் நாளுக்கு மறுநாளே கல்யாணம், பரீட்சை, ஆஸ்பத்திரி தேதி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாளாவது கையில் இருக்கட்டும்.
- போன கையோடு கண்டி, நுவரெலியா, காலி என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். பஸ் ஜன்னலில் பார்த்த ஊர் பார்த்ததாகாது.

ஆவணமும் மூட்டையும்

செய்ய வேண்டியவை:

- எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் குறைந்தது 6 மாதச் செல்லுபடிக் காலம் மீதி இருக்கிறதா என்று ஒரே நாளில் உட்கார்ந்து சரிபாருங்கள்.
- இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி பற்றிய விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. புறப்படும் வாரத்தில் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே பாருங்கள்.
- குழுவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் யார் என்று முதலிலேயே கேளுங்கள். காரைக்கால் குடும்பங்களில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் தம்பிக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் இருப்பது சாதாரணம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியாவுக்குத் திரும்ப நுழைய ஓ.சி.ஐ. அட்டையோ பல முறை நுழையும் விசாவோ வேண்டும். நாகை துறைமுகம் வழியாக வர அது செல்லுமா என்பதையும் குடிவரவு அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.
- தினமும் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கப்பலில் தலைசுற்றல் வருபவர்கள் ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். அலை தூக்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

செய்யக்கூடாதவை:

- பயணச் சந்தோஷத்துக்கு என்று காரைக்காலிலிருந்து பாட்டில் எடுத்து வராதீர்கள். வாஞ்சூர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. புதுச்சேரி மாநிலச் சரக்கை அங்கே கொண்டுபோவது குற்றம். ஒருவர் மாட்டினால் மொத்த வேனும் நிற்கும், கப்பல் போய்விடும்.
- பீரோவில் உள்ள நகையை எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். போகும்போது போட்டிருந்த நகை எது, திரும்பும்போது வாங்கியது எது என்று சுங்க அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.
- அங்கே இருக்கும் யாருக்கோ கொடுக்கச் சொல்லித் துறைமுகத்தில் யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

யாழ்ப்பாணத்தில்

செய்ய வேண்டியவை:

- நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும். வேட்டி கட்டிப் போவது வசதி. ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழா நடக்கும். அப்போது போனால் சுற்றிலும் தெருக்கள் அடைத்திருக்கும், நிறைய நடக்க வேண்டும்.
- யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போங்கள். 1981 ஜூன் முதல் நாள் இரவை ஒட்டி எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இன்று நிற்பது திரும்பக் கட்டி எழுப்பியது. உள்ளே மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அனுமதிக்கும் நேரத்தில், அமைதியாக, சிறு சிறு குழுவாகப் போங்கள்.
- வயதில் சிறியவரானாலும் கடைக்காரரையும் ஆட்டோக்காரரையும் 'நீங்கள்' என்றே அழையுங்கள். பெரியவர்களை ஐயா, அம்மா என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் நட்பாகச் சொல்லும் 'நீ', 'வா' அங்கே மரியாதைக் குறைவாகவே காதில் விழும்.

செய்யக்கூடாதவை:

- யுத்தத்தைப் பற்றி நீங்களாக வாய் திறந்து கேட்காதீர்கள். "உங்க வீட்டுல யாராவது...?" என்ற கேள்வியை விருந்து வைத்தவரிடம் கேட்பது கொடுமை. அவர்களாகச் சொன்னால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். பதிலுக்கு அரசியல் பேசாதீர்கள். நாம் கப்பல் ஏறி வந்துவிடுவோம், அவர்கள் அங்கேயே வாழ வேண்டும்.
- மீன்பிடிப் பிரச்சினையில் வாதம் செய்யாதீர்கள். 2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் படகில் இருந்த நம் மீனவர்கள் காயப்பட்டது யாருக்கும் மறந்திருக்காது. அதே கடலில், நம் கரையிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகளால் வலை அறுந்து கடன்பட்டு நிற்கும் வடக்கு மீனவரும் இருக்கிறார். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடுத்தது. குழுவில் கிளிஞ்சல்மேட்டு மீனவரோ பட்டினச்சேரி மீனவரோ இருந்தால் அவருக்கு இது நெஞ்சில் உள்ள வலி. அவரும் பேசட்டும், ஆனால் அந்தப் பக்கத்து வலியையும் கேட்டுவிட்டுப் பேசட்டும்.
- காங்கேசன்துறை துறைமுகம், கடற்படை முகாம், ராணுவச் சாவடி எதையும் படம் எடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம்.
- சினிமாவில் கேட்ட யாழ்ப்பாணத் தமிழை அவர்கள் முன்னால் பேசிக் காட்டாதீர்கள்.

அனுராதபுரத்தில்

செய்ய வேண்டியவை:

- தோளும் முழங்காலும் மூடும் வெளிர் நிற உடை போடுங்கள். விகாரை வளாகத்தில் செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும். ருவன்வெலிசாய தூபியின் கல் தளம் பத்து மணிக்கே கொதிக்கும்; காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பெரியவர்கள் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.
- ஸ்ரீ மகாபோதி மரத்தின் முன்னால் குழுவை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நட்டதாகச் சொல்லப்படும் மரம் அது. சுற்றிலும் வெள்ளை உடுத்திப் பிரார்த்திப்பவர்களுக்கு அது சுற்றுலா இடம் அல்ல.
- எல்லாளன் கதையை வழிகாட்டியிடம் கேளுங்கள். சோழ நாட்டிலிருந்து வந்து ஆண்ட எல்லாளனைப் போரில் வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, அவன் சமாதியைக் கடப்பவர்கள் வாத்தியத்தை நிறுத்தி மரியாதை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டதாகப் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது.

செய்யக்கூடாதவை:

- "நம்ம சோழர் ஜெயிச்ச ஊர்" என்று பஸ்ஸில் கைதட்டாதீர்கள். சோழப் படை விகாரைகளைச் சூறையாடியதை மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் பதிந்து வைத்திருக்கிறது; 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டு சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். அங்குள்ளவர்களுக்கு இது பள்ளிப் பாடத்தில் படித்த காயம். அதே சோழர் காலத்தில்தான் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைத் தானமாகக் கொடுத்தான். நாகையின் பழைய பௌத்தக் கட்டடத்தில் மிஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். சொல்வதென்றால் இவை அனைத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
- புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்ஃபி எடுக்காதீர்கள். 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவது போல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. புத்தர் உருவம் அச்சிட்ட சட்டை, பச்சை குத்திய கை எல்லாமே வம்பு.

பொலன்னறுவையில்

செய்ய வேண்டியவை:

- வானவன் மாதேவி ஈஸ்வரத்தைத் தேடிப் போய்ப் பாருங்கள். வழிகாட்டிப் பலகையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று இருக்கும். ராஜேந்திர சோழன் காலத்தில் எழுந்த இந்தக் கற்றளி தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றை அப்படியே பெயர்த்து வைத்தது போல் இருக்கும். சுவரை ஒட்டி நடந்தால் தமிழ்க் கல்வெட்டு எழுத்துகள் கண்ணில் படும். இன்றும் யாராவது வந்து பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.
- வேளைக்காரர் கல்வெட்டைக் காட்டச் சொல்லுங்கள். புத்தரின் பல் வைத்திருந்த ஆலயத்தைக் காப்பதாகத் தமிழ்ப் படைவீரர்கள் தமிழிலேயே உறுதி எழுதிக் கொடுத்த கல் அது. 1070 வாக்கில் சோழரை விரட்டிய மன்னன் விஜயபாகு கட்டியது அந்த ஆலயம்.
- அம்மையாரைப் பார்த்து வாருங்கள். பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் கிடைத்த செப்புத் திருமேனிகளில் நம் காரைக்கால் அம்மையாரும் இருக்கிறார். அந்தச் சிலைகள் பொலன்னறுவை அருங்காட்சியகத்திலும் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அம்மையார் இப்போது எங்கே பார்வைக்கு இருக்கிறார் என்று முன்பே கேட்டு, பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். பாரதியார் தெருக் கோயிலில் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தரிசனம் இந்தப் பயணத்தில் இல்லை.

செய்யக்கூடாதவை:

- சுவரில் பெயர் எழுதாதீர்கள், சிலை மேல் சாயாதீர்கள். சிகிரியாக் குன்றில் கண்ணாடிச் சுவர் எனப்படும் பழைய சுவரில் பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு 2015இல் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு ஜனாதிபதி மன்னித்ததால் வெளியே வந்தார்.
- பொலன்னறுவைக்குப் போகும் ஹபரணை வழியில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டச் சொல்லாதீர்கள். யானைகள் சாலைக்கு வரும் இடம் அது. நிறுத்திப் பழம் கொடுப்பது இன்னும் ஆபத்து.

வழிகாட்டியும் சாப்பாடும்

செய்ய வேண்டியவை:

- சுற்றுலா அதிகாரசபையின் உரிமம் பெற்ற, தமிழ் பேசும் வழிகாட்டியைக் கேட்டு வாங்குங்கள். அனுராதபுரத்தில் சிங்களமும் தெரிந்தவராக இருந்தால் நல்லது.
- தொல்லியல் இடங்களில் சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும். ஓட்டலில் வைத்துவிட்டு வராதீர்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் இது தங்களுக்குப் பொருந்தாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.
- சைவம் சாப்பிடுபவர்கள் மாசி போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு கறிக்கும் கேளுங்கள். தேங்காய்ச் சம்பலிலும் கீரையிலும் மாசிக் கருவாட்டைத் தூவுவது அங்கே வழக்கம். யாழ்ப்பாணத்தில் சைவக் கடைகளே தனியாக உண்டு. இடியாப்பமும் சொதியும் அங்கே சாப்பிட வேண்டும்.

செய்யக்கூடாதவை:

- வழிகாட்டி பேசும்போது நமக்குத் தெரிந்த சோழர் கதையை உரக்கச் சொல்லி அவரை மறிக்காதீர்கள். அவர் முடித்த பின் கேளுங்கள்.
- திட்டத்தில் இல்லாத ரத்தினக் கடைக்கு வண்டி திரும்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் கழிய வேண்டியது.

திரும்பிய பிறகு

செய்ய வேண்டியவை:

- பார்த்த கல்வெட்டு, கேட்ட கதை எல்லாவற்றையும் ஒரு மாலைப் பொழுதில் தெருப் பிள்ளைகளுக்குப் படத்தோடு சொல்லுங்கள்.
- அதே கப்பலில் அங்கிருந்து வருபவர்கள் திருநள்ளாற்றுக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லுங்கள், தங்க நல்ல இடம் காட்டுங்கள்.

செய்யக்கூடாதவை:

- உடைந்த செங்கல், பழைய நாணயம், பவளப்பாறை எதையும் நினைவுக்கு என்று எடுத்து வராதீர்கள். பனங்கட்டி வாங்குங்கள், யாழ்ப்பாணத்துக்காரரின் உழைப்புக்கு அது காசாகும்.
- பேச்சை வைத்து ஊர் தெரிந்துகொண்டு, திருநள்ளாற்றுக்கு வரும் இலங்கைக்காரரிடம் ஆட்டோவுக்கும் அறைக்கும் கூடுதலாகக் கேட்பதை யாரும் செய்யக்கூடாது; கண்டால் தட்டிக் கேளுங்கள். நாம் அங்கே எதிர்பார்த்த மரியாதையை இங்கே அவர்களுக்குக் கொடுத்தால்தான் அந்தக் கப்பல் இரண்டு கரைக்கும் சொந்தம்.