ஊர் பார்க்கப் போனோம், கணக்குப் பார்க்கக் கற்றோம்



"இந்த வருஷம் எங்கே டூர் போகலாம்?" கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வந்துவிடும். வேளாங்கண்ணி, ஊட்டி, கொடைக்கானல் என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். இந்த முறை அருமனைப் பகுதிக் குழுக்களிலிருந்து ஒரு வேன் நிறைய செட்டிநாடு போனோம். 350 கிலோமீட்டருக்கு மேல் பயணம். "பழைய வீடு பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குழுவில் உள்ளவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அல்லவா? அந்தப் பணத்துக்கு நாம் என்ன கொண்டுவந்தோம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

செட்டிநாடு எங்கே இருக்கிறது?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களைச் செட்டிநாடு என்கிறோம். நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தின் ஊர்கள் இவை. அவர்கள் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்து பொருள் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மா தேக்கில் தூண், இத்தாலிப் பளிங்கில் தரை, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. கானாடுகாத்தான் அரண்மனை 1912-இல் கட்டப்பட்டது.

1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. பலர் சொத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, சிலவற்றை இடித்து மரத்தையும் தூணையும் விற்றார்கள். மீதி வீடுகளில் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து தங்கி, வீடு பார்த்து, சாப்பிட்டு, கைவினைப் பொருள் வாங்கிப் போகிறார்கள்.

கண்ணாடி மேல் பிறக்கும் தரையோடு

அடுத்து ஆத்தங்குடி போனோம். வெளிநாட்டிலிருந்து ஓடு வந்து இறங்கிய காலத்திலேயே, உள்ளூர் மணலை வைத்து இங்கேயும் தரையோடு செய்யத் தொடங்கினார்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூ வடிவ அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியை எடுத்தால் ஓட்டின் முகம் அந்தக் கண்ணாடி மாதிரியே பளபளக்கிறது. துடைக்கத் துடைக்க மினுக்கம் கூடுமாம்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்வதையும் பார்த்தோம். கட்டம் போட்ட, அகலக் கரை வைத்த பருத்திச் சேலை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்த வட்டாரத்தில் அந்த முறைப்படி செய்த பொருளுக்குத்தான் அந்தப் பெயரை வைக்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பு.

கொட்டான் சொன்ன கதை

நம் பெண்கள் நகராமல் நின்ற இடம் கொட்டான் இருந்த இடம்தான். பனை ஓலையை மெல்லிசாகக் கிழித்து, சாயம் போட்டு முடைந்த சின்னப் பெட்டி. விளிம்பில் பாசிமணி, நூல் வேலை. "அய்யே, இது நம்ம ஓலைப்பெட்டிதானே! எங்க அம்மச்சி இதைவிட நல்லா முடைவாங்க" என்றார் ஒரு சகோதரி. விலையைப் பார்த்ததும் எல்லாரும் வாயடைத்துப் போனோம்.

ஒரு காலத்தில் நகரத்தார் வீட்டுப் பெண்களே கொட்டான் முடைந்து, கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் அதில் பொருள் வைத்துக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் வந்ததும் அது மறைந்து போனது. முடையத் தெரிந்தவர்கள் வயதானவர்கள் சிலர் மட்டுமே. அந்த நிலையில் விசாலாட்சி ராமசாமி அவர்களின் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பழைய வடிவங்களைத் தேடி எடுத்து, அந்தக் கலையை மீட்டது. 2013-இல் செட்டிநாடு கொட்டானுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஓலை நம் ஊரிலும் உண்டு. கையும் உண்டு. அவர்களிடம் கூடுதலாக இருந்தது என்ன? ஒரே அளவு, ஒரே தரம், ஒரு பெயர், பொருளோடு சேர்த்துச் சொல்ல ஒரு கதை. எல்லாவற்றுக்கும் மேலாக, முடைந்த கைக்கு உரிய கூலி சேர்ந்த விலை.

சாப்பாட்டில் ஒரு பாடம்

சாப்பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. கல்பாசி, அன்னாசிப்பூ போட்ட குழம்பு, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி இனிப்பு. கருப்பாக இருக்கும் அந்த அரிசி பர்மாத் தொடர்பால் வந்தது என்கிறார்கள். வீட்டுப் பலகாரத்தையே காரைக்குடிக் கடைகளில் டப்பாவில் அடைத்து, பெயர் ஒட்டி விற்கிறார்கள். அப்போதுதான் நம் முந்திரிக்கொத்து நினைவுக்கு வந்தது.

வேனில் போட்ட கணக்கு

திரும்பும் வழியில், பலகாரம் செய்து விற்கும் ஒரு குழுவினரிடம் கேட்டேன்: "100 முந்திரிக்கொத்துக்கு என்ன செலவு?" அவர்கள் சொன்னது இது.

பயறு, கருப்பட்டி, மாவு, எண்ணெய்: 400 ரூபாய்
எரிபொருள்: 60 ரூபாய்
கவர், லேபிள்: 40 ரூபாய்
மொத்தம்: 500 ரூபாய்

ஒன்று 6 ரூபாய் வீதம் விற்றால் 600 ரூபாய். "100 ரூபாய் லாபம்" என்றார்கள். "எத்தனை பேர் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டேன். "ரெண்டு பேர், அரை நாள்." "உங்கள் கூலி எங்கே?" வேனில் சத்தமே இல்லை. ஆளுக்கு 150 வீதம் 300 ரூபாய் சேர்த்தால் செலவு 800 ஆகிறது. ஒன்றுக்கு 8 ரூபாய் அடக்கவிலை. அப்படியானால் 100 ரூபாய் லாபம் இல்லை, 200 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை இத்தனை நாள் யார் தாங்கினார்கள்? அடுப்பு முன்னால் நின்ற அந்த இரண்டு பேர்தான்.

இதில் என் தவறும் உண்டு. அந்தக் குழுவின் கணக்கு நோட்டை மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். கூலிக்கு ஒரு வரி இல்லையே என்று எனக்கும் தோன்றவில்லை. வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்காத பழக்கம் நம் எல்லாரிடமும் ஊறிப்போய் இருக்கிறது.

நம் ஊருக்கும் ஆள் வருகிறது

சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. திற்பரப்பில் அருவி, மாத்தூரில் தொட்டிப்பாலம், பத்மநாபபுரத்தில் அரண்மனை. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, வெளியூர்ப் பொம்மையையும் பாக்கெட் நொறுக்குத்தீனியையும் வாங்கிப் போகிறார்கள். மார்த்தாண்டம் தேன், மட்டிப்பழம், மரச்சீனி, ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து எல்லாம் நம் வீட்டில்தான் இருக்கிறது. மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. செட்டிநாட்டு வீடு போல நமக்கு அரண்மனை வேண்டாம். அளவு, தரம், பெயர், கதை, கூலி, இந்த ஐந்தும் போதும்.

அந்தக் குழு இப்போது முந்திரிக்கொத்தை 10 ரூபாய்க்கு விற்கிறது. முதல் வாரம் விற்பனை குறைந்தது, பயந்தார்கள். நோட்டில் "கூலி" என்று புதிதாக ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை இனி அழிக்க மாட்டோம் என்று தீர்மான நோட்டிலும் எழுதிவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழு விற்கும் பொருளின் அடக்கவிலையில் நம் கூலி சேர்ந்திருக்கிறதா? நோட்டைத் திறந்து பாருங்கள்.
2. நம் அம்மா, பாட்டிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத கைவேலை எது? அதைச் சொல்லித்தர நம் ஊரில் இன்னும் யார் இருக்கிறார்கள்?
3. அடுத்த பயணத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி எடுத்துப் போகலாமா?